பொதியும் பதிவேடும்

லீனக்ஸ் இயங்குதளத்தில் நிகழ்வனவற்றைக் கணக்கன்போல் எழுதி வைப்பது ஆர்சிஸ்லாக் என்னும் நிரல். 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அது தானாக வருவதின்று. நாமே நிறுவல் வேண்டும். அதற்கு நாம் வகுத்த விதிகளைப் புதுப்பொதி ஒன்று வந்து அழித்துவிடுமோ என அஞ்சுவார் பலர். அவ்வச்சம் வேண்டா. நாம் திருத்திய அமைவுக்கோப்பை டெபியன் நம்மைக் கேளாது மாற்றாது. இடர் வேறிடத்தே உளது.

வலைக் கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஹெச்ஏபிராக்சிப் பொதியை நிறுவுங்கால், ‘49’ என்னும் எண்ணை முன்னிட்ட சிறு கோப்பொன்று ஆர்சிஸ்லாக்கின் அமைவு அடைவினுள் தானே வந்தமர்கின்றது. ஹெச்ஏபிராக்சியின் செய்திகளைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அவ்வளவில் நிறுத்துக என்று அது பணிக்கின்றது. அடைவிலுள்ள கோப்புகள் பெயர் வரிசைப்படியே படிக்கப்படுகின்றன. ஆதலின், எல்லாச் செய்திகளையும் வேறொரு கணினிக்கு அனுப்புமாறு நாம் ‘60’ என எண்ணிட்டு எழுதிய விதிக்கு அச்செய்திகள் எட்டுவதேயில்லை. பிழையென்று எதுவும் அறிவிக்கப்படுவதுமில்லை. இதனைக் கண்டறிய எமக்கு ஓரிரவு முழுதும் கழிந்தது! எம் கோப்பின் எண்ணைப் ‘10’ என மாற்றி, ஆர்சிஸ்லாக்கை மீளத் தொடக்கியபின் யாவும் வந்து சேர்ந்தன.

பொதியை நீக்கினும் அச்சிறு கோப்பு உடன் நீங்காது. அமைவுகளையும் சேர்த்துக் களையும் ‘பர்ஜ்’ என்னும் ஆணையை இட்டாலன்றி, அது அங்கேயே கிடக்கும்.