புகைபோக்கிக்கு நாடி பார்ப்பது எப்படி?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எண்ணூரைத் தாண்டியதும் வலப்பக்கம் வானளாவிய புகைபோக்கிகள் கண்ணில் படும். வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் அங்கேதான் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகின்றன. சில நாட்களில் புகையே தெரியாது. "இன்றைக்குக் காற்று சுத்தம்!" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லக்கூடும். அவர் சொல்வது சரிதானா?

ஒரு கணக்குப் போடுவோம். நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு டன் கரியில் 5 கிலோ கந்தகம். கந்தகத்தின் அணு எடை 32. அதனுடன் சேரும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடையும் 32. ஆகவே 5 கிலோ கந்தகம் எரிந்தால் 10 கிலோ கந்தக டை ஆக்சைடு. 500 மெகாவாட் அலகு ஒன்று முழுவீச்சில் இயங்கினால் மணிக்கு ஏறத்தாழ 350 டன் இந்திய நிலக்கரி வேண்டும். கந்தகத்தை நீக்கும் சாதனம் இல்லையென்றால் மணிக்குச் சுமார் மூன்றரை டன் வாயு வெளியேறும்! அதற்கு நிறம் கிடையாது. மீஞ்சூரில் ஆஸ்துமா உள்ள ஒரு சிறுவனின் மூச்சுக்குழல் அதை உணரலாம்; நம் கண் உணராது.

ஆனாலும் வெகுகாலம் கண்ணையே நம்பினார்கள். பாரிஸ் பேராசிரியர் ரிங்கெல்மன் 1888-இல் வெள்ளை முதல் கறுப்பு வரை கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றை அமைத்தார். அதைப் புகையோடு ஒப்பிட்டு எண் கொடுப்பார்கள். பிறகு, புகைபோக்கியில் ஏறி, துளை வழியே குழாயை நுழைத்து, புகையை உறிஞ்சி, வடிகட்டியில் படிந்த தூசியை நிறுத்துப் பார்க்கும் முறை வந்தது. நல்ல முறைதான். ஆனால் அளப்பது ஆண்டில் சில நாட்கள் மட்டுமே. தேர்வுக்கு முதல் நாள் மட்டும் படிக்கும் மாணவனை உங்களுக்குத் தெரியுமல்லவா?

2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அனல் மின் நிலையம் உட்பட 17 வகைத் தொழில்கள் இரவு பகலாகத் தொடர்ந்து அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அளவுகள் 15 நிமிடச் சராசரிகளாக வாரியங்களின் கணிப்பொறிகளுக்குச் செல்கின்றன.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. புகைபோக்கியின் ஒரு பக்கத்திலிருந்து ஒளிக்கற்றையைச் செலுத்துவார்கள். எதிர்ப்பக்கம் எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது, எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து தூசியை மதிப்பிடுவார்கள். ஒளிக்குத் தூசியின் எடை தெரியாது. எனவே பழைய வடிகட்டி முறையில் கிடைத்த எடையோடு ஒப்பிட்டுத்தான் கருவிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். பழையதைப் பரண்மேல் போட்டுவிட முடியவில்லை! வாயுக்களுக்கு அகச்சிவப்புக் கதிர் உதவுகிறது. கந்தக டை ஆக்சைடு தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். விழுங்கிய அளவே அதன் செறிவைக் காட்டும்.

கருவியை ஏமாற்ற முடியாதா? முடியும்! பாலில் தண்ணீர் கலப்பதுபோல் புகையில் காற்றைக் கலந்தால் போதும். ஒரு கன மீட்டரில் உள்ள தூசி குறைந்துவிடும், மொத்தத் தூசி குறையாது. இதற்காகவே ஆக்சிஜனையும் கூடவே அளக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நிலக்கரிப் புகையை 6 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும் என்பது விதி. கருவி 40 மில்லிகிராம் தூசி காட்டுகிறது, ஆக்சிஜன் 11 சதவீதம் என்று கொள்வோம். 21-இல் 6 போக 15. 21-இல் 11 போக 10. நாற்பதை 15-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 60. வல்லூர் நிலையம்போல் 2004-க்கும் 2016-க்கும் இடையே அமைந்த அலகுகளுக்கு 2015-இல் விதித்த தூசி வரம்பு 50. தேறியதுபோல் தோன்றிய அலகு தேறவில்லை!

கருவி தானாகவும் தடம் மாறும். கண்ணாடியில் கரி படியும். விளக்கின் ஒளி மங்கும். ஆகவே வாயுக் கருவிக்குள் அவ்வப்போது மாசே இல்லாத வாயுவைச் செலுத்தி அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, அளவு முன்பே தெரிந்த வாயுவைச் செலுத்தி அந்த எண் வருகிறதா என்று சோதிப்பார்கள்.

அனுபவமுள்ள அதிகாரி வரைபடத்தில் முதலில் தேடுவது உயர்ந்த எண்களை அல்ல. கரியின் தரம் மாறும், கொதிகலனின் சுமை மாறும். கோடும் ஏறி இறங்கத்தான் வேண்டும். நாள் முழுவதும் அசையாமல் படுத்த கோடாக இருந்தால், அவர் உடனே ஏணியைத் தேடுவார்.