காணவில்லை வேறு, இல்லை வேறு

1990இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரிலிருந்து ஒரு கணக்கு வந்தது. ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்ற இரு விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு வளிமண்டலத்தின் வெப்பத்தைக் கணித்திருந்தார்கள். 1979இலிருந்து பத்தாண்டுகளில் சொல்லும்படியான ஏற்றம் அதில் தெரியவில்லை. புவி வெப்பமாவதை ஏற்காதவர்களுக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகள் அதுவே பிடிமானம். பூமி சூடாகவே இல்லை என்றார்கள். செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழே இறங்கிவந்தது கணக்கில் சேரவில்லை என்பது 1998இல் தெரிந்தது. 2005இல் இன்னொரு பிழை பிடிபட்டது. திருத்திப் பார்த்தபோது ஏற்றம் இருந்தது.

2025 ஜூலையில் அதே இருவர், ஸ்டீவன் கூனின் உள்ளிட்ட மற்ற மூவருடன் சேர்ந்து அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். பூமி சூடாகவில்லை என்று இப்போது சொல்வதில்லை. சூடாகிறது, ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான தீவிர வானிலை நிகழ்வுகளில் நீண்டகாலப் போக்கு எதுவும் தென்படவில்லை என்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் வாதம் வெப்பமானியிலிருந்து புயலுக்கும் மழைக்கும் இடம் மாறியிருக்கிறது.

இந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உலகில் ஆண்டுதோறும் உருவாகும் புயல்களின் எண்ணிக்கை கூடியதாக உறுதியான சான்று இல்லை. சேத மதிப்பு ஏறுவதற்குக் கடலோரத்தில் நாம் கட்டிக் குவித்ததும் பெரிய காரணம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்தையே காரணம் காட்டுபவர்களும் தவறுதான் செய்கிறார்கள்.

ஆனால் 'காணவில்லை' என்ற சொல்லை 'இல்லை' என்று படிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு பெருமழை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது. நம் கையில் உள்ள மழைப் பதிவு பல ஊர்களில் அறுபது, எழுபது ஆண்டுகளைத் தாண்டாது. அதில் போக்கைக் காண முடியாதது பதிவின் குறுக்கம். மழை மாறவில்லை என்பதற்கு அது சாட்சியாகாது.

விஞ்ஞானிகளும் முன்பு, எந்தத் தனி நிகழ்வையும் காலநிலை மாற்றத்தோடு முடிச்சுப்போட முடியாது என்றுதான் சொல்லிவந்தார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் எழுபதாயிரம் பேருக்கு மேல் வெப்பத்தால் இறந்தார்கள். மறு ஆண்டே பீட்டர் ஸ்டாட், மைல்ஸ் ஆலன் குழுவினர், அப்படியொரு கோடைக்கான வாய்ப்பை மனிதச் செயல்கள் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கூட்டியிருப்பது பெரும்பாலும் உறுதி என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பழைய வாக்கியம் அங்கே காலாவதியானது. ஐயவாதிகள் இன்றும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

தனி நிகழ்வில் காலநிலை மாற்றத்தின் பங்கைக் கணக்கிடும் இத்தகைய ஆய்வுகள் முடிவை முன்பே வைத்துக்கொண்டு நடப்பவை என்பது அவர்களின் இன்னொரு குற்றச்சாட்டு. சென்னைக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 494 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கெர்ட் யான் வான் ஓல்டன்பர்க், ஃபிரீடெரிக்கே ஓட்டோ ஆகியோரின் குழு அதை ஆராய்ந்தது. புவி வெப்பமாதலின் தடம் இந்த மழையில் புலப்படவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி எதிர்பார்த்த அளவு சூடாகவில்லை, காற்றில் கலந்த மாசுத் துகள்கள் அதற்கொரு காரணமாகலாம் என்றார்கள். அதே குழுதான் 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானபோது, மனிதரால் ஏற்பட்ட வெப்பமாதல் இல்லாமல் இது அநேகமாக நடந்தே இருக்காது என்றது. சென்னையில் காணாததைக் கண்டதாகச் சொல்லாதவர்களின் சொல்லை லிட்டனில் நான் நம்புகிறேன்.

அமெரிக்காவில் 1930களின் வெயில் இன்றையதைவிடக் கடுமை என்ற பேச்சும் அடிக்கடி வரும். உண்மைதான், அது கொடிய வறட்சிக் காலம். ஆனால் அந்த நாடு பூமிப் பரப்பில் சுமார் 2 சதவீதம். உலகம் முழுவதற்கும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் தந்த கணக்கு வேறு: தொழிற்புரட்சிக்கு முன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் இப்போது 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது.

இனி யாராவது "ஐபிசிசியே போக்கு இல்லை என்கிறதே" என்றால், எந்த ஆண்டு அறிக்கை, எந்த நாட்டுப் பதிவு, வெயிலா புயலா என்று கேளுங்கள்.