டிரிப்சினும் கரைப்பானும்

"இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் எதை ஊறவைக்கிறாய்?" என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. ஊறுவது புரதம், அதை அறுப்பது டிரிப்சின் என்னும் நொதி.

நிறை நிறமாலைமானி என்பது மூலக்கூறுகளை எடைபோடும் கருவி. முழுப் புரதத்தைவிடச் சிறு துண்டுகளையே அது எளிதாக இனங்காண்கிறது. துண்டாக்கித் தருவது டிரிப்சின். 1876-இல் ஜெர்மானிய அறிஞர் கியூனே பெயரிட்ட இந்த நொதிதான் நம் சிறுகுடலில் பருப்பையும் மீனையும் செரிப்பிக்கிறது. லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே அது வெட்டும். அப்பால் நிற்பது புரோலினாயின் பெரும்பாலும் விட்டுவிடும். இவ்வொழுங்கு இருப்பதால்தான் துண்டுகளின் எடையைக் கொண்டு புரதத்தின் பெயரைச் சொல்ல முடிகிறது.

வழக்கமான முறையில் 37 பாகை வெப்பம், சற்றே காரமான நீர்க்கரைசல், ஓர் இரவு ஆகியவை வேண்டும். ஆனால் புரதமோ நூற்கண்டு போலச் சுருண்டு கிடப்பது. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும். வெட்டவேண்டிய இடங்கள் பலவும் நொதிக்கு எட்டாமற்போகும். தசையிலுள்ள மையோகுளோபின் 153 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். ஆயினும் டிரிப்சினுக்கு எளிதில் இடங்கொடாது. யூரியா இட்டு அவிழ்க்கலாமே என்பீர்கள். யூரியாக் கரைசல் சூடேறினால் அதில் பிறக்கும் சயனேட்டு லைசினைப் பற்றிக்கொண்டு எடையில் 43 அலகு கூட்டிவிடும். அவ்விடத்தில் டிரிப்சின் வெட்டவும் வெட்டாது.

இங்கேதான் மெதனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரிமக் கரைப்பான்கள் உதவுகின்றன. நீர் குறைந்தால் நீரை வெறுக்கும் பகுதிகள் ஒளிந்திருக்க வேண்டுவதில்லை, கண்டு நெகிழ்கிறது. 80 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில், வழக்கமாக முரண்டு பிடிக்கும் புரதங்களும் சில நிமிடங்களில் வெட்டுப்படுவதை 2001-இல் ரசலும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டனர்.

நொதியும் புரதந்தானே, அது மட்டும் அவிழாதா? நல்ல கேள்வி. மாட்டின் கணையத்து டிரிப்சினில் 6 கந்தகப் பாலங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியுள்ளன. ஆதலால் அது அவ்வளவு விரைவில் குலைவதில்லை. எனினும் அதன் வேகம் குறையவே செய்கிறது. இரையின் நெகிழ்வால் வரும் இலாபம் இந்த நட்டத்தை மிஞ்சும்போதுதான் நமக்குப் பயன். முன்பே அவிழ்த்து வைத்த புரதத்திற்குக் கரைப்பான் சேர்ப்பது வீண் வேலை என்பது என் கருத்து. பெரும் புரதங்கள் சில, 80 விழுக்காட்டில் திரிந்து அடியில் படிந்துவிடுவதும் உண்டு. உயிரணுச் சவ்வில் புதைந்த புரதங்களுக்கோ 60 விழுக்காடு மெதனாலைப் பலர் கையாளுகின்றனர். அது கரைக்கவும் செய்யும், அவிழ்க்கவும் செய்யும்.

இதையெல்லாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? மருந்துகள் பலவற்றின் இலக்கு அந்தச் சவ்வுப் புரதங்களே. வெட்டுப்படாத புரதம் கருவியின் கண்ணுக்குத் தப்பிவிடும். நாமோ "இந்தத் திசுவில் அது இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவோம்! ஆகவே மாதிரி சிறிதே இருந்தாலும் அதைப் பாதியாகப் பிரித்து, ஒன்றை நீரிலும் மற்றொன்றைக் கரைப்பானிலும் வெட்டிப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். வெட்டு முடிந்ததும் கரைப்பானை வெற்றிடத்தில் உலர்த்திப் போக்கிவிட வேண்டும்; இல்லையேல் துண்டுகள் பிரிக்கும் குழாயில் ஒட்டாமல் கழுவுநீரோடு போய்விடும்.