கதவைத் தட்டும் பெயிலிப்: கையிலிருக்கும் கடதாசியைப் பாருங்கள்

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நமது ஊர்களிலிருந்து பிரித்தானியாவுக்குப் படிக்கவும் தொழிலுக்கும் சென்ற பிள்ளைகள் அநேகர். அங்கு ஏற்கனவே குடியேறி, பழைய வேன் ஒன்றை வாங்கிப் பொருள் விநியோகம் செய்பவர்களும் டாக்ஸி ஓட்டுபவர்களும் சிறு கடை வைத்திருப்பவர்களும் நம்மவர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தும், ஊரிலிருக்கும் அவர்களது பெற்றோரிடமிருந்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "வாகனத் தண்டப்பணம் கட்டவில்லையென்று பெயிலிப் வருகிறாராம். கதவை உடைப்பாரா? பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவாரா?"

லண்டனில் கணக்காளர் அலுவலகமொன்றில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்ற வகையில் இந்த விடயம் எனக்குப் பழக்கமானது. வருட முடிவில் கணக்குப் பார்க்க வரும் சாரதிகளும் கடைக்காரர்களும் பொலித்தீன் பை நிறையக் கடதாசிகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார்கள். அவற்றில் பாதி திறக்கப்படாத கடித உறைகள். பெற்றோல் பற்றுச்சீட்டைத் தேடித் திறந்தால் உள்ளே தண்டப்பண அறிவித்தல் இருக்கும். (இந்தத் தண்டங்களைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது என்பதைப் பலர் அப்போதுதான் அறிவார்கள்.)

எமது நாட்டில் நாம் பழகிய முறை வேறு. பொலிஸார் தண்டப்பணச் சீட்டைக் கையில் தந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அனுமதிப்பத்திரம் திரும்ப வேண்டுமே என்பதற்காகவாவது நாம் ஓடிப்போய்க் கட்டிவிடுவோம். அங்கு அப்படி எவரும் எதையும் பிடித்து வைப்பதில்லை. எல்லாம் கடிதம்தான். கடிதத்தைப் பார்க்காதவனுக்குத் தண்டம் இருப்பதே தெரியாது. ஆனால் தொகை மட்டும் வளர்ந்துகொண்டே போகும்.

வளரும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வாகனத் தரிப்பிடக் குற்றங்களுக்கு அங்குள்ள உள்ளூராட்சி சபைகள் விதிக்கும் தண்டத்தை பி.சி.என். என்பார்கள். லண்டனில் கூடிய பிரிவுக்கு இது நீண்டகாலம் 130 பவுண்ணாக இருந்து, 2025 ஏப்ரலில் 160 பவுண்ணாக உயர்த்தப்பட்டது. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. கட்டாவிட்டால் வாகனத்தின் பதிவு உரிமையாளருக்கு ஓர் அறிவித்தல் வரும். அது வந்து 28 நாட்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். சபை அதை நிராகரித்தால் சுயாதீன நியாயசபைக்கு இலவசமாக மேன்முறையீடு செய்யலாம். இவை எதையும் செய்யாமலிருந்தால் தண்டம் 50 சதவீதத்தால் கூடும். பின்னர் நோர்தம்டன் நகரிலுள்ள போக்குவரத்து அமுலாக்கல் நிலையத்தில் கடனாகப் பதியப்பட்டு, பதிவுக் கட்டணமும் சேர்ந்து, வசூலிப்புக் கட்டளை அனுப்பப்படும். இது நீதவான் முன் விசாரித்து வழங்கப்படும் தீர்ப்பல்ல, பதிவு மட்டுமே. அதற்கும் 21 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் பொருட்களைக் கையகப்படுத்தும் ஆணை பிறப்பிக்கப்பட்டு, கோவை பெயிலிப் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

பெயிலிப்பை இப்போது சட்டத்தில் அமுலாக்கல் முகவர் என்றே அழைக்கிறார்கள். அவரது கட்டணங்கள் 2014ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் படிப்படியாக வகுக்கப்பட்டன. கோவை அவர் கைக்கு வந்தவுடன் 75 பவுண், உங்கள் வாசலுக்கு வந்தால் மேலும் 235 பவுண், பொருட்களை ஏலத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் 110 பவுண் என்பதே அந்த விதிகள் வந்தபோது குறிக்கப்பட்ட தொகைகள். 65 பவுண்ணோடு முடிந்திருக்க வேண்டிய விடயம் 195 ஆகி, வாசலுக்கு ஆள் வரும்போது ஐந்நூறைத் தாண்டுவது இப்படித்தான்.

இதில் ஒரு வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் 75க்கும் 235க்கும் இடையிலுள்ள இடைவெளி. பெயிலிப் வருவதற்கு முன்னர் எழுத்துமூல அறிவித்தல் அனுப்பி, முழுமையாக ஏழு நாட்கள் அவகாசம் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளும் வங்கி விடுமுறைகளும் அந்த ஏழில் சேராது. அந்த நாட்களுக்குள் தொலைபேசியில் பேசி, தவணை முறையில் கட்டுவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால் 235 பவுண் மிஞ்சும். தவணைக்கு அவர்கள் சம்மதித்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆனாலும் நியாயமான தொகையைக் கூறினால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள் என்பதே எனது அனுபவம். ஒரே நபருக்கு எதிராகப் பல ஆணைகள் ஒரே நேரத்தில் கையிலிருந்தால், இயன்றவரை அவற்றை ஒன்றாகக் கையாண்டு வாசலுக்கு வந்த கட்டணத்தை ஒரு தடவை மட்டுமே அறவிட வேண்டும் என்றும் விதியிருக்கிறது. நாளுக்கு நாற்பது வாசலில் வண்டி நிறுத்தும் விநியோகச் சாரதிகள் இதை அறிந்திருப்பது நல்லது.

சரி, வாசலுக்கே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நமது வீடுகளில் யாராவது வந்தால் "வாங்க, உள்ளுக்கு வந்து இருங்க" என்றுதான் சொல்வோம். தேநீர் ஊற்றாமல் அனுப்புவதும் இல்லை. மகனைப் பார்க்க இங்கிருந்து போயிருக்கும் உம்மாமார் இதையே அங்கும் செய்கிறார்கள். இந்த ஒரு விடயத்தில் மட்டும் அந்த உபசாரம் கூடாது. சபைத் தண்டத்துக்காக வரும் பெயிலிப் முதல் தடவை கதவை உடைத்தோ, ஆளைத் தள்ளிக்கொண்டோ, யன்னலால் ஏறியோ உள்ளே வர முடியாது. திறந்திருக்கும் கதவால், அல்லது யாராவது திறந்துவிட்ட கதவால், அமைதியாகவே வரலாம். அப்படி வந்து பொருட்களைப் பட்டியலிட்டு உங்களிடம் கையொப்பமும் வாங்கிவிட்டால், பின்னர் தவணை தவறும் பட்சத்தில் அறிவித்தல் தந்துவிட்டு, தேவையான பலத்தைப் பிரயோகித்து மீண்டும் நுழையும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. எனவே கதவைத் திறக்காமல், யன்னலுக்கு உள்ளே நின்று மரியாதையாகப் பேசுவதில் தவறில்லை. காலை 6 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அவர் வருவது வழமையில் அனுமதிக்கப்பட்டதல்ல. வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமே இருந்தால் உள்ளே வரக்கூடாது. ஆங்கிலம் பேசவோ விளங்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களையும் நலிவுற்றவர்களாகக் கருதலாம் என்று அரசாங்கத்தின் நியமக் கோவை கூறுகிறது. ஆகவே உம்மாவுக்கு மொழி தெரியாது என்பதை மறைக்க வேண்டியதில்லை, எழுத்தில் தெரிவியுங்கள்.

அவர் எதையெல்லாம் எடுக்கலாம்? அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், வீட்டிலுள்ளோருக்கான கட்டில், படுக்கை, சாப்பாட்டு மேசை, கதிரை போன்ற அத்தியாவசியங்களில் கைவைக்க முடியாது. தொழிலுக்குச் சொந்தமாகப் பாவிக்கும் கருவிகள், உபகரணங்கள் மொத்தம் 1,350 பவுண் பெறுமதிவரை பாதுகாக்கப்படுகின்றன. தையல்காரரின் இயந்திரத்துக்கு இது போதும். வேன் சாரதிக்குப் பெரும்பாலும் போதாது. வீட்டுக்குள் நுழையாமலே எடுக்கக்கூடிய பொருள் தெருவில் நிற்கும் வாகனம்தான் என்பதால் பெயிலிப்பின் கண் முதலில் அதிலேயே விழும். இலக்கத் தகட்டை வாசிக்கும் கமராவைப் பொருத்திக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும் வண்டிகளும் அவர்களிடம் இருக்கின்றன. சில்லுக்குப் பூட்டுப் போட்டால் குறைந்தது இரண்டு மணித்தியாலம் கழித்தே இழுத்துச் செல்லலாம். அந்த இடைவெளியில் பணத்தையோ ஆதாரத்தையோ தேட வேண்டும். பூட்டை அறுத்தெடுப்பது குற்றம், அந்த வேலைக்கு மட்டும் போகவே கூடாது.

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவரின் கதையை இங்கு கூறுவது பொருத்தம். அவர் கிழக்கு மாகாணத்தவர், லண்டனின் கிழக்குப் பகுதியில் வேன் ஓட்டுகிறார். 2023இல் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில், குடியிருப்பாளருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியில் ஒட்டிய சீட்டு மழையில் போனதோ, யாரும் கிழித்ததோ தெரியாது, அவர் கைக்குக் கிடைக்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் வீடு மாறியிருந்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பழைய விலாசமே இருந்தது. அங்குள்ள வாகனப் பதிவு அதிகாரசபையான டி.வி.எல்.ஏ.யிடம் இருக்கும் விலாசத்துக்கே சபைகள் கடிதம் அனுப்பும். ஆகவே எல்லாக் கடிதமும் பழைய வீட்டுக்குப் போய், புதிய வாடகைக்காரரால் குப்பையில் போடப்பட்டிருக்கலாம். மாதங்கள் கழித்து ஒரு காலை ஏழு மணிக்குப் புதிய வீட்டுக் கதவில் பெயிலிப். "நானா, ஐந்நூற்றிச் சொச்சம் கேக்கிறாங்க, இல்லாட்டி வேனக் கொண்டு போறாங்களாம்" என்று தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னார். அவரது முழுக் குடும்பமும் அந்த வேனில்தான் ஓடுகிறது.

இப்படியானவர்களுக்குச் சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது. டி.ஈ.9 என்பது சாட்சிக் கூற்றுப் படிவம். உரிமையாளர் அறிவித்தல் கிடைக்கவில்லை, ஆட்சேபித்தும் பதில் வரவில்லை, மேன்முறையீடு செய்தும் தீர்ப்பு வரவில்லை, தண்டத்தை ஏற்கனவே கட்டிவிட்டேன் ஆகிய நான்கு காரணங்களில் ஒன்றை அதில் கூறலாம். 21 நாள் காலம் கடந்திருந்தால், ஏன் தாமதம் என்பதை விளக்கும் டி.ஈ.7 படிவத்தையும் சேர்த்து நோர்தம்டனுக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பலாம், கட்டணம் இல்லை. விண்ணப்பம் தீர்மானிக்கப்படும் வரை வசூலிப்பு நிறுத்தி வைக்கப்படும். பொய்யாகக் கூறினால் நீதிமன்ற அவமதிப்பாகும் என்பதால் நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். அவர் அன்றே இரண்டையும் நிரப்பி, புதிய வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் இணைத்து அனுப்பினார். முடிவு வரும் வரை வேனைத் தெருவில் நிறுத்தாமல் நண்பர் ஒருவரின் பூட்டிய கராஜில் வைத்தார். சில வாரங்களில் விண்ணப்பம் ஏற்கப்பட்டு வசூலிப்புக் கட்டளை இரத்தானது. அத்தோடு பெயிலிப்பின் கட்டணமும் விழுந்துவிட்டது.

ஆனால் தண்டமே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. விடயம் ஆரம்பத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். சபை புதிய விலாசத்துக்கு அறிவித்தலை மீண்டும் அனுப்பியது. இடத்தைப் பார்க்காமல் நிறுத்தியது உண்மை என்பதால் அவர் 130 பவுண்ணைக் கட்டி முடித்தார்.

பெயிலிப் என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் ஒரே பயத்தைத்தான் பயப்படுகிறார்கள். அவர் கையிலுள்ள கடதாசி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தே அவரது அதிகாரம் அமைகிறது. மேலே கூறியது சபைத் தண்டம். இதற்காகச் சிறை இல்லை, முதல் வருகையில் கதவு உடைப்பும் இல்லை. நீதவான் நீதிமன்றம் விதித்த குற்றப்பணம், உதாரணமாக வேகமாக ஓட்டிய வழக்கில் விதிக்கப்பட்டது, வேறு வகை. அதற்கு வரும் முகவருக்குத் தேவையேற்பட்டால் பலத்தைப் பிரயோகித்து நுழையும் அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே கட்டாமலிருந்தால் சிறைவரை போகலாம். வழக்கு நடந்ததே தெரியாதவர், தெரியவந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் சத்தியக் கூற்றுச் சமர்ப்பித்தால் அந்தத் தீர்ப்பு செல்லாததாகி வழக்கு மீண்டும் தொடங்கும்.

சுப்பர் மார்க்கட் முற்றத்தில் தனியார் நிறுவனம் ஒட்டும் சீட்டு மூன்றாவது வகை. அதன் சுருக்கப் பெயரும் பி.சி.என். என்பதுதான் வேடிக்கை. அது தண்டமே அல்ல, ஒப்பந்தக் கட்டணம். அந்த நிறுவனம் வழக்குப் போட்டு வென்று, அதன் பிறகும் நீங்கள் கட்டாவிட்டால்தான் பெயிலிப் என்ற பேச்சே எழும். அதற்கு முன்னர் சிவப்பு எழுத்தில் வரும் கடிதங்கள் கடன் வசூலிப்பவர்களுடையவை, அவர்களுக்கு உங்கள் வாசலில் எந்த அதிகாரமும் இல்லை. அதற்காக நீதிமன்ற வழக்குப் பத்திரத்தையும் அவற்றோடு சேர்த்து எறிந்துவிட வேண்டாம். அதற்கு 14 நாட்களுக்குள் பதில் போடாவிட்டால் தீர்ப்பு தானாக எதிராகிவிடும். ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் அது ஆறு வருடங்கள் பதிவில் நிற்கும். கடை வாடகைக்கு எடுக்கவும் வாகனத்துக்குக் கடன் பெறவும் அது தடையாக வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வந்தவர் உண்மையான பெயிலிப்தானா என்பதையும் பார்க்க வேண்டும். அவர் கவுன்டி நீதிமன்றத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை நீதி அமைச்சு இணையத்தில் வைத்திருக்கிறது. அடையாள அட்டையையும் ஆணையையும் யன்னலால் காட்டச் சொல்லுங்கள். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இலவச ஆலோசனையும் பெறலாம். நான் கூறியவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தின் சட்டம் வேறு.

பழைய டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பிரிவுகளும் மாசுக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் வந்துவிட்டன. தகுதியற்ற வாகனத்துக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டணம், கட்டாவிட்டால் 180 பவுண் தண்டம். இதற்குக் கண்ணாடியில் சீட்டே ஒட்டமாட்டார்கள். கமரா படம் எடுக்கும், கடிதம் பதிவு விலாசத்துக்குப் போகும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனித் தண்டம். வீடு மாறினால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிப்பது இலவசம், இணையத்திலேயே செய்யலாம். அறிவிக்காமல் விட்டால் அதற்கும் 1,000 பவுண்வரை அபராதம் உண்டு. ஊருக்குத் திரும்பி வரும்போது காரை நண்பருக்கு விற்றுவிட்டோ கொடுத்துவிட்டோ வருபவர்கள், விமானம் ஏறுவதற்கு முன்னர் பதிவை அவரது பெயருக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் வாங்கும் தண்டத்துக்கெல்லாம் கடிதம் இவரது பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.