தெற்கு ஜார்ஜியா: பெங்குவின் தீவுக்குப் போகுமுன் பையை உதறுங்கள்

தென் அட்லாண்டிக்கில், ஃபாக்லாந்து தீவுகளுக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தெற்கு ஜார்ஜியா. பிரிட்டனின் ஆளுகைக்குட்பட்டது, அர்ஜென்டினாவும் உரிமை கோருகிறது. நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை. ஆய்வாளர்களும் சில அலுவலர்களும் மட்டும் முறைவைத்து வந்து தங்குகிறார்கள்.

விமானத்தில் போக முடியாதா?

முடியாது. தீவில் ஓடுதளமே கிடையாது. ஃபாக்லாந்தின் ஸ்டான்லியிலிருந்து கப்பலில் இரண்டு மூன்று நாள் ஆகும், கடலோ கொந்தளிப்பானது. காற்று பலமாக அடித்தால் கரையைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்ப நேரலாம். அதற்கு மனம் இடம் கொடுக்காதவர்கள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு மருத்துவமனை இல்லை; கப்பல் மருத்துவர்தான் கதி.

அனுமதி யார் வாங்குவது?

கப்பல் நிறுவனமே தீவு நிர்வாகத்திடம் வாங்கிவிடும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் முதல் மார்ச் வரை. அக்டோபரில் யானைச் சீல்கள் இணைசேரும் காலம். மூன்று நான்கு டன் எடையுள்ள ஆண் சீல்கள் மார்போடு மார்பு மோதுவதைப் பார்க்கலாம். டிசம்பரில் ரோமச் சீல்கள் கடற்கரையை அடைத்துக்கொள்வதால் சில இடங்களில் கால் வைக்கவே முடியாது. ராஜ பெங்குவின்களைப் பார்க்க மாதக் கவலை இல்லை. ஒரு குஞ்சை வளர்த்து முடிக்க அவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. எந்த மாதம் போனாலும் குஞ்சுகள் நிற்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் ஜோடிகள். பழுப்புக் கம்பளி போர்த்திய குஞ்சுகளை, அந்தக்கால மாலுமிகள் வேறொரு பறவை இனம் என்றே நினைத்தார்கள்.

காலணி, சட்டைப்பை, வெல்க்ரோ பட்டி என்று எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிறார்களாமே, இவ்வளவு கெடுபிடி தேவையா?

தேவை. அந்தத் தீவு பட்ட பாடு அப்படி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சீல் வேட்டைக் கப்பல்கள் வந்தன. அவற்றோடு எலிகளும் கரையேறின. மரமே இல்லாத தீவு என்பதால் பறவைகள் தரையிலும் வளைகளிலும்தான் முட்டையிடும். எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற பறவை, எலி எட்டாத ஓரத் தீவுகளுக்கு ஒதுங்கிப்போனது.

2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் பறந்து நச்சு இரை தூவினார்கள். எலியால் பனியாற்றைக் கடக்க முடியாது. அதனால் பனியாறுகள் தீவைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்து வைத்திருந்தன. ஒவ்வொரு பாத்தியாகச் சுத்தம் செய்ய இது வாய்ப்பாயிற்று. ஆனால் வெப்பமயமாதலால் பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. தாமதித்திருந்தால் எல்லாம் ஒன்றாகிக் காரியம் கைமீறியிருக்கும். மோப்ப நாய்களை விட்டுத் தேடிப் பார்த்த பிறகு, 2018-இல் எலியற்ற தீவு என்று அறிவித்தார்கள். இன்று நெட்டைக்காலியின் பாட்டு மறுபடி பிரதானத் தீவிலேயே கேட்கிறது.

இத்தனை உழைப்பையும் கெடுக்கக் கருவுற்ற ஒரே ஒரு எலி போதும். எலி மட்டுமல்ல, காலுறையில் ஒட்டிய ஒரு புல்விதையும் அங்கே வேர்பிடித்துவிடும். ஆகவே புறப்படும் முன்பே பையின் மூலைமுடுக்குகளை வேக்குவம் போட்டு உறிஞ்சி, காலணியின் அடிப்பள்ளங்களை ஊசியால் கிளறிச் சுத்தம் செய்துவிடுங்கள். அதிகாரி சோதிக்கும்போது செய்துகொள்ளலாம் என்று விட வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் அங்கேயும் வந்துவிட்டதா?

ஆம், 2023 அக்டோபரில் உறுதியானது. பறவைகளோடு யானைச் சீல்களும் மடிந்தன. அதனால் விலங்குகள் இருக்கும் இடங்களில் தரையில் உட்காரவோ, மண்டியிடவோ, பையைக் கீழே வைக்கவோ அனுமதியில்லை. படம் எடுப்பவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் பொறுத்துக்கொள்ள வேண்டிய சிரமம்.

பழைய திமிங்கல வேட்டை நிலையமான கிரிட்விக்கனில் துருப்பிடித்த கொதிகலன்களைப் பார்க்க என்ன இருக்கிறது?

அண்டார்டிகப் பயணி ஷேக்கிள்டனின் கல்லறைக்காகவே பலர் அங்கே இறங்குகிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 1904-இல் தொடங்கி 1960-கள் வரை அங்கே திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சினார்கள். தீவின் எல்லா நிலையங்களிலும் சேர்த்து வெட்டப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 1,75,000. பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கடலில் நீலத் திமிங்கலம் கண்ணில் படுவதே அரிதாக இருந்தது. 2020-இல் தீவைச் சுற்றி நடந்த ஒரே கணக்கெடுப்பில் 55 தென்பட்டன.