கறிவேப்பிலை அழகியின் முகவரி

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குள் நுழைகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சியெல்லாம் எங்க அடைச்சு வெச்சிருக்காங்க?" என்பதுதான். பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், பெருமாள் சேவை முடிந்த கையோடு அங்கே அழைத்துப் போவேன். அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறை அமைத்து 2015-ல் திறந்த பூங்கா இது. பரப்பு சுமார் 25 ஏக்கர். மூடிய கூடமும் உண்டு என்றாலும் பெரும்பகுதி திறந்தவெளி. கம்பியோ வலையோ இல்லாத இடத்தில் வண்ணத்துப்பூச்சியை நிறுத்தி வைப்பது செடி. தேன் குடிக்க அது பல பூக்களுக்குப் போகும். முட்டையிட மட்டும் தன் இனத்துக்கு உரிய செடிதான் வேண்டும். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்க்கும், அதுதான் என்று உறுதியான பிறகே முட்டை வைக்கும். இலை மாறிப்போனால் புழு பட்டினி கிடந்து சாகும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை. எருக்கை வெட்டிவிட்டு வெந்தய வரியனை எதிர்பார்க்க முடியாது.

பெயர் விஷயத்தில்தான் அங்கே சுவையான வாக்குவாதங்கள் நடக்கும். ஒருமுறை கருப்பு இறக்கையில் சிவப்புப் பொட்டுகளோடு ஒன்று இட்லிப்பூவில் வந்து உட்கார்ந்தது. "இது கிரிம்சன் ரோஸ்" என்றார் கணவர். "இல்லைங்க, உடம்பைப் பாருங்க, கருப்பா இருக்கு" என்றார் மனைவி. அந்த அம்மாள் சொன்னதே சரி. கிரிம்சன் ரோஸுக்கு உடம்பே இரத்தச் சிவப்பாக இருக்கும். அதன் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியில் ஒருவகைப் பெண் அந்த நஞ்சுப்பூச்சியின் இறக்கைக் கோலத்தை அப்படியே பூண்டு உயிர் தப்புகிறது. உடம்பின் நிறம்தான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வகைப் பெண் வேறொரு நஞ்சுப்பூச்சியைப் போலிருக்கும். மூன்றாவது வகை ஆணைப் போலவே இருக்கும். ஓர் இனம், பெண்ணுக்கு மூன்று உருவம்!

இதற்குப் பெயரும் மூன்று. லின்னேயஸ் 1758-ல் பாப்பிலியோ பாலிடெஸ் என்று வைத்தார். பாலிடெஸ் கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் இளவரசன். ஆங்கிலத்தில் காமன் மார்மன்: ஆண் ஒன்றுக்குப் பல உருவப் பெண்கள் இருப்பதால், ஒருகாலத்தில் பலதார மணத்துக்குப் பேர்போன மார்மன் என்ற அமெரிக்க மதப்பிரிவை நினைத்து வைத்த பெயர். உலகத்தில் எந்த மூலையிலும் குழப்பம் வராமலிருக்க அறிவியல் பெயர் அவசியம்தான். ஆனால் பூச்சியைத் தேடிப் போகும் பிள்ளைக்கு இளவரசனும் உதவ மாட்டான், மார்மனும் உதவ மாட்டார். கறிவேப்பிலை அழகி என்ற பெயரோ முகவரியோடு வருகிறது. 2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது. நம் கொல்லைக்கு வரும் அழகியின் பெயரையும் பிள்ளைகள் தமிழ் மறவனைச் சொல்லும் அதே பெருமையோடு சொல்ல வேண்டும். எந்தப் பூங்காவானாலும் சரி, ஒவ்வொரு செடியின் அடியிலும் அதை நம்பி வாழும் பூச்சியின் தமிழ்ப் பெயரை எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

போகிறவர்கள் மழைக்காலம் ஓய்ந்ததும், வெயில் ஏறத் தொடங்கும் காலைப்பொழுதில் போங்கள். உடம்பு சூடேறினால்தான் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். வீட்டுக் கறிவேப்பிலையில் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பிளவுபட்ட சிவந்த கொம்பு நீண்டு, குப்பென்று நெடி அடித்தால் அது அழகியின் புழுவாக இருக்கலாம். நாலு கொத்து இலை போனால் போகட்டும், மருந்து அடித்துவிடாதீர்கள்.