கிழிந்த வெட்சூட்டிலிருந்து ஒரு மீன்வால்

அலைச்சறுக்குப் பள்ளிகளும் முக்குளிப்புப் பயிற்சி மையங்களும் வாடகைக்கு விடும் வெட்சூட்டுகள் ஓயாமல் அடி வாங்கும். முதலில் முழங்கால் தேயும். பிறகு அக்குளில் தையல் விடும்; கழுத்துப் பட்டி தொளதொளத்துத் தண்ணீர் உள்ளே இறங்கும்; முதுகு ஜிப்பில் உப்பு பூத்து இறுகிவிடும். அதற்குமேல் அதை யாருக்கும் மாட்டிவிட முடியாது. ஆனால் அந்த உடையைத் தரையில் விரித்துப் பார்த்தால் முதுகும் தொடையும் பின்னங்காலும் இன்னும் நல்ல நிலையில் இருக்கும். கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் பழைய துணிக் கடைகளில் இவை மலிவாகத் தொங்கும். அவற்றை இரண்டு மூன்றாக வாங்கிப்போய்க் கத்தரிக்கோல் வைப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் தைப்பது, கடல்கன்னியின் வால்.

இது மாட்டிக்கொண்டு மேடையில் உட்காரும் வேஷம் அல்ல. மாட்டிக்கொண்டு நீந்த வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ரகம். நீச்சலுடைத் துணியில் தைத்தது விலை குறைவு; ஆனால் மெல்லியது, குளத்துச் சுவரில் உரசினால் இழை பிய்ந்துவிடும், குளிருக்கும் உதவாது. முழுக்க சிலிக்கானில் வார்த்தது தத்ரூபமாக இருக்கும். எடை 20 கிலோவைக்கூட எட்டும், விலை லட்ச ரூபாய்க் கணக்கில் போகும். தண்ணீருக்கு வெளியே அதைத் தூக்கிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது வெட்சூட்டின் ரப்பரான நியோப்ரீன். தடிமன் உண்டு, இழுத்தால் கொடுக்கும், குளிர் தாங்கும், வீட்டு ஊசிக்கும் அடங்கும்.

வீட்டில் தைப்பதைக் காசில்லாதவர்களின் மாற்றுவழி என்று ஒதுக்கிவிட முடியாது. 1886-ல் சிட்னியில் பிறந்த அனெட் கெல்லர்மேன், சிறு வயதில் கால் வலுவில்லாமல் பட்டை கட்டி நடந்தவர். கால் தேறட்டும் என்று நீச்சலுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் நீச்சல் வீராங்கனையாகி, மேடையேறி, ஊமைப்படங்களின் நட்சத்திரமானார். 1911-ல் 'தி மெர்மெய்ட்', 1914-ல் 'நெப்டியூன்ஸ் டாட்டர்' என்று கடல்கன்னியாகவே நடித்தார். கால் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நிஜமாகவே நீந்தினார். வால்களைத் தானே வடிவமைத்தார். சிலவற்றைத் தன் கையாலேயே தைத்தார். அப்போது நியோப்ரீன் பிறக்கவே இல்லை. 1930-ல்தான் அமெரிக்காவின் ட்யூபான்ட் ஆய்வுக்கூடத்தில் அது உருவானது.

அதை உடம்பில் போட்டுக் குளிரை வெல்லலாம் என்று காட்டியவர் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு பெர்க்லிக்கு வந்தவர். கடற்படை முக்குளிப்பாளர்கள் குளிரில் விறைத்துப்போகிறார்களே என்று 1950-களின் தொடக்கத்தில் வழி தேடினார். கதகதப்பாக இருக்க உடம்பு உலர்ந்திருக்க வேண்டியதில்லை, சுற்றியிருக்கும் உடை வெப்பத்தை வெளியே விடாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவர் பிடித்த நுட்பம். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. உள்ளே புகுந்த நீர்ப்படலம்தான் சூட்டைக் காக்கிறது என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. உண்மையில் காப்பது ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக மூடியிருப்பதால் ஸ்பான்ஜ் போல அது தண்ணீரைக் குடிக்காது. இந்தக் காப்பு கடுங்குளிருக்கு மட்டும் அல்ல. ஃபுளோரிடாவில் வீக்கி வாச்சி என்ற ஊற்றில் 1947 முதல் கடல்கன்னிக் காட்சி நடக்கிறது. காற்றுக் குழாயை வாயில் வைத்து மூச்சிழுத்தபடி பெண்கள் நீருக்கடியில் ஆடுவார்கள். அந்த நீரின் வெப்பம் வருடம் முழுக்க 23 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். கேட்க இதமாகத் தோன்றும் இந்த அளவிலேயே அரைமணி நேரத்தில் பல் கிட்டத் தொடங்கும். வெட்சூட் வால் போட்டவருக்கு இடுப்புக்குக் கீழாவது அந்தத் தொல்லை குறையும்.

ஆனால் சூட்டைக் காக்கும் அதே குமிழிகள் வேறொரு வம்பையும் கொண்டுவருகின்றன. அவை மிதக்கும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நியோப்ரீனின் கன அளவு 5 லிட்டர். அதை முழுக்க அமிழ்த்தினால் 5 கிலோ தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். அதன் சொந்த எடையோ அதில் ஒரு சிறு பங்குதான். மீதி அத்தனையும் மேலே தூக்கும் விசை. வெட்சூட்டில் இந்த விசை உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். வாலிலோ எல்லாம் இடுப்புக்குக் கீழே குவிந்துவிடும். கால் மேலே எழும்பும், தலை கீழே போகும். முதல்முறை தைப்பவர்கள் அழகை மட்டும் யோசித்து, இதை மறந்துவிட்டுக் குளத்தில் இறங்கித் திணறுவார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 5 மி.மீ. சூட்டைத் தவிர்த்து 2 அல்லது 3 மி.மீ. சூட்டைத் தேடுகிறார்கள். அதற்குமேலும் மிதந்தால், வாலின் உள்பக்கம் சிறு பைகள் தைத்து முக்குளிப்பாளர்களின் ஈயக் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். போடும் குண்டு வாலின் மிதப்பை ஈடுகட்ட வேண்டும், ஆளைக் கீழே இழுத்துவிடக் கூடாது. அந்தச் சமநிலையை மார்பளவு நீரில் நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய சூட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. பலமுறை ஆழத்துக்குப் போய்வந்த நியோப்ரீனில் குமிழிகள் நசுங்கி நசுங்கி நுரை மெலிந்திருக்கும். முக்குளிப்பாளருக்கு அது நஷ்டம். குளிர் உள்ளே வந்துவிடும். வால் தைப்பவருக்கோ அது லாபம். புதுசைவிட மெத்தென்று வளையும், புதுசைவிடக் குறைவாக மிதக்கும். விலை மலிவு என்பதற்காக மட்டும் பழசைத் தேட வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஓரளவு உழைத்த சூட்தான் பொருத்தம்.

எல்லாப் பழசும் ஆகாது என்பதும் உண்மை. வாங்கும்போதே ஒரு மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடித்த இடத்தில் வெடிப்பு தெரிந்தால், அல்லது காய்ந்த தோல் போல விறைப்பாக இருந்தால், அந்த ரப்பர் செத்துவிட்டது. எந்தப் பசையாலும் அதைப் பிழைக்கவைக்க முடியாது. நன்றாக இருப்பதை வெதுவெதுப்பான நீரில் அலசி, உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போக நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு காலின் உள்பக்கத் தையல் வழியே கீறினால், ஒவ்வொரு காலும் மேலே அகலம், கீழே குறுகல் என்று ஒரு நீளப் பட்டையாக விரியும். ஒரு வாலுக்கும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். பெரியவர் ஒருவருக்கு இரண்டு முழுநீள சூட்டுகள் இருந்தால் பெரும்பாலும் போதும்: கால்களில் உடல்பகுதி, முதுகுகளில் துடுப்பு, கைகளில் ஒட்டுத் துண்டுகள்.

அளவெடுக்க ஒரு பெரிய தாளில் மல்லாந்து படுத்து, கால் சேர்த்து, பாதத்தை நர்த்தகி போல நீட்டிக்கொள்ள வேண்டும். மற்றொருவர் சுற்றிலும் கோடு போடுவார். இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் சுற்றளவுகளை டேப்பால் எடுத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள். நியோப்ரீன் நீளும் என்பதால் உடம்பின் அளவைவிடச் சற்றுக் குறைத்தே வெட்ட வேண்டும். தொளதொளத்தால் உள்ளே தண்ணீர் அடைந்து வால் மூட்டை போலக் கனக்கும். கணுக்காலில் மட்டும் குறைக்கக் கூடாது. பாதம் அந்த வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

ஒட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். நம்மூர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூத்திரம் உடனே புரிந்துவிடும். ட்யூபிலும் தடவி, ஒட்டுத்துண்டிலும் தடவி, சொல்யூஷன் காயும்வரை கடைக்காரர் பொறுத்திருப்பார் அல்லவா? நியோப்ரீன் பசையும் அப்படித்தான். இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், வெட்டிய விளிம்போடு விளிம்பு முட்டும்படி வைக்க வேண்டும். அந்த 3 மில்லிமீட்டர் விளிம்பில் சிறு தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் இரண்டு விளிம்பையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒட்டிய கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடையாது. அதனால் முன்கூட்டியே இரண்டு பக்கமும் சாக்பீஸால் அடையாளக் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு பொருத்திச் செல்கிறார்கள். பசையின் ஆவி தலையைக் கிறுகிறுக்க வைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்போ சிகரெட்டோ அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

ஒரு நாள் காயவிட்டுப் பிறகு தையல். வளைந்த ஊசி ரப்பரின் பாதித் தடிமன்வரைதான் இறங்க வேண்டும். மறுபக்கம் துளைத்து வெளிவரக் கூடாது. உள்ளே நுழைந்து, நடுவிலேயே திரும்பி, அதே பக்கத்தில் தலைகாட்ட வேண்டும். வெட்சூட் தொழிற்சாலைகளில் இதற்கென்றே எந்திரம் இருக்கிறது. வீட்டில் கைதான். தடித்த ஊசி போட்டால் மெல்லிய நியோப்ரீனில் வீட்டுத் தையல் எந்திரமும் ஜிக்ஜாக் தையல் போடும். ஆனால் அது துளைத்துக்கொண்டு போகும். பருத்தி நூல் தண்ணீரில் நைந்துவிடும் என்பதால் பாலியெஸ்டர் நூலையே எடுக்கிறார்கள்.

அடுத்தது துடுப்பு. மீனின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமுமாக அடிக்கும். மனிதரின் முதுகெலும்பு அப்படி எளிதில் வளையாது. முன்னும் பின்னுமாகத்தான் நன்றாக வளையும். ஆகவே கடல்கன்னியின் துடுப்பு கிடைமட்டமாக அமைந்து மேலும் கீழுமாக அடிக்கிறது. அந்த வகையில் அவள் மீனுக்கு அந்நியம். பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியாவுக்குத்தான் உறவு. மாலுமிகள் கடல்கன்னி என்று மயங்கிய விலங்குகளில் ஒன்றாகச் சொல்லப்படும் இந்தக் கடல்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதன் வாலைப் பார்த்தால் தைப்பவர்களுக்கு வேறு பாடமே தேவைப்படாது.

துடுப்பின் உள்ளே இரண்டு பாதமும் சேர்த்து மாட்டும் மோனோஃபின் இருக்கும். அதை வாங்கிவிடுவதே நல்லது. பாலிகார்பனேட் தகட்டை வெட்டிப் பழைய ரப்பர் காலணிகளைத் திருகிப் பொருத்துபவர்களும் உண்டு. தகட்டின் ஓரத்தை நன்றாகத் தேய்த்து மழுக்காவிட்டால் அது நியோப்ரீனையும் அறுக்கும், அருகில் நீந்துபவரையும் அறுக்கும். மோனோஃபினை இரண்டு நியோப்ரீன் தகடுகளுக்கு நடுவே வைத்து விளிம்பை ஒட்டி, நுனிகளில் விரல் நுழையும் அளவு துளை விடுவார்கள். அந்தத் துளை இல்லாவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி, கரையேறும்போது துடுப்பு பாறாங்கல்லாகக் கனக்கும்.

செதில் போடப் பொறுமைதான் வேண்டும். வலைபோன்ற காலுறையை வாலின்மேல் இழுத்து மாட்டி, அதன்மேல் நெகிழும் சாயத்தைத் தெளித்துவிட்டு உருவினால் கண்ணுக்குக் கண் செதில் பதிந்திருக்கும். இன்னும் மெனக்கெடுபவர்கள் நீலம், ஊதா நிற சூட்டுகளின் துண்டுகளைப் பிறை பிறையாக நறுக்கி, ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறார்கள். மேலிருந்து தொடங்கினால் செதிலின் வாய் எதிர்த்திசையில் நின்று, நீந்தும்போது தண்ணீரை வாரிக்கொண்டு விரியும்.

வெட்சூட் துணி எத்தனை தூரம் போகும் என்பதற்கு நியூசிலாந்தின் நாத்யா வெஸி சாட்சி. இளம் வயதிலேயே இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். கடற்கரையில் செயற்கைக் கால்களைக் கழற்றியபோது, உன் கால் எங்கே என்று ஒரு சின்னப் பையன் கேட்க, தான் ஒரு கடல்கன்னி என்று சொல்லிவைத்தார். அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு வேலை செய்த வெட்டா வொர்க்‌ஷாப்புக்குக் கடிதம் எழுதி, எனக்கு ஒரு வால் செய்து தருவீர்களா என்று கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். வெட்சூட் துணியும் பிளாஸ்டிக் அச்சுகளும் சேர்ந்த உடல். அதன்மேல் செதில் வடிவம் அச்சிட்ட உறை. 2009-ல் அந்த வாலோடு அவர் கடலில் நீந்தினார். கால் இல்லாத இடத்தில் காலைப் போலிசெய்யாமல் நேராக நீந்தும் உறுப்பையே தந்த அந்த வேலையைப் பார்த்த பிறகு, கடல்கன்னி வாலை வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அழகுக்காக விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று, உடனே கழற்றும் வழி. இடுப்பைத் தளர்த்தி ஒரே இழுப்பில் கால் வெளியே வர வேண்டும். பின்னாலிருந்து இன்னொருவர் பூட்டும் ஜிப், கணுக்காலை இறுக்கும் கொக்கி, வாலோடு ஒட்டிவிட்ட காலணி ஆகியவை கூடவே கூடாது. நன்றாக நீந்தும் குழந்தைகூட வால் மாட்டியதும் கால் கட்டப்பட்ட நிலைக்கு வந்துவிடும். மிதந்து நிற்கவோ எழுந்து நிற்கவோ முடியாது. பல நாடுகளில் பொதுக் குளங்கள் வாலுக்குத் தடை விதித்திருப்பது இதனால்தான். அந்தத் தடை நியாயமானது. முதலில் மோனோஃபின் மட்டும் மாட்டிப் பழக வேண்டும். பிறகு மார்பளவு நீரில், கண் எடுக்காமல் பார்க்கும் ஒரு துணையோடு வாலை மாட்டி, தண்ணீருக்குள்ளேயே கழற்றும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நீண்ட நேரம் மூழ்கலாம் என்று வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு இறங்குவது உயிருக்கே ஆபத்து. மூச்சு முட்டும் உணர்வு வராமலேயே நினைவு தப்பிவிடும். முக்குளிப்புப் பயிற்சி நிறுவனமான 'பாடி' (PADI) 2020 முதல் இதற்கென்றே வகுப்பு நடத்துகிறது.

குளத்திலிருந்து வந்ததும் குளோரினோ உப்போ போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் மடிப்பு விழுந்து அங்கேயே வெடிக்கும். தடித்த மூங்கில் கழியில் பாதிக்குப் பாதி போட்டு நிழலில் காயவிடுவார்கள். முதலில் வாய் பிளப்பது பெரும்பாலும் கணுக்கால் தையல்தான். வெட்டும்போது மிஞ்சிய கைத்துண்டுகளையும், மூடியை இறுக்கிவைத்த பசை டப்பாவையும் பத்திரப்படுத்தியவர்கள் அன்று மாலையே அதை ஒட்டி முடித்துவிடுவார்கள்.